போனில் நெட் வேகம் 100 வருகிறது, டிவியில் படம் மட்டும் மங்கல்: என்ன செய்வது?

கேள்வி:
இரண்டு மாதமாக இந்தத் தொல்லை. டிவியில் படம் போட்டால் முதல் ஐந்து நிமிடம் பளிச்சென்று இருக்கிறது, அப்புறம் முகங்கள் குழைந்து, இருட்டான காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே தெளிந்து மறுபடியும் மங்குகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் ரொம்ப மோசம். ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் பார்த்தால் 100 மெகாபிட் வருகிறது. 4கே திட்டத்துக்குத்தான் பணம் கட்டுகிறேன். செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டாயிற்று, டிவியை அணைத்து ஏற்றியும் பார்த்தாயிற்று. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ-யில் மாட்டினால் மங்கித் தெளிவதில்லை, ஆனால் ஆரம்பத்திலிருந்தே கூர்மை குறைவு. அம்மா தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நெட் திட்டத்தை உயர்த்துவதா, டிவியை மாற்றுவதா?

பதில் 1:
இரண்டுமே வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். படம் ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். முந்தைய துண்டுகள் எவ்வளவு வேகமாக வந்தன, முன்கூட்டியே இறக்கி வைத்த கையிருப்பு எவ்வளவு என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று உங்கள் டிவியில் இருக்கும் செயலிதான் முடிவு செய்கிறது. வேகம் தடுமாறினால் படத்தை நிறுத்தாமல் தரத்தைக் குறைத்துவிடும். நீங்கள் சொல்லும் "மங்கித் தெளிவது" அச்சு அசலாக இதுதான். நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்கு (முழு ஹெச்டி) 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட் போதும் என்கிறது, ஆகவே 100 தாராளம். ஆனால் அது டிவி வரை போய்ச் சேர்கிறதா? போனில் அளந்தது போனுக்குத்தான் பொருந்தும். டிவியின் பிரவுசரில் நெட் வேகம் அளக்கும் ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்து, படம் மங்கும் அதே நேரத்தில் நாலைந்து முறை அளந்து எண்களை இங்கே போடுங்கள்.

பதில் 2:
டிவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், இரவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். புளூடூத்தும் மைக்ரோவேவும் அதே அலைவரிசை. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ஆனால் அது சுவரைத் தாண்டினால் சட்டென்று பலவீனமாகிவிடும். முடிந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். நிறைய டிவிகளில் லேன் போர்ட் (நெட் கேபிள் மாட்டும் துளை) 100 மெகாபிட் வரைதான், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், ஸ்ட்ரீமிங்குக்கு அதுவே மிச்சம்.

பதில் 3:
லேப்டாப் பிரச்சினை வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஆரம்பம் முதல் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் நெட்டைச் சந்தேகிப்பதற்கு முன் ஏதாவது உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு நகல் தடுக்கும் பூட்டைப் பொறுத்து, ஒரே சேவை ஒரு பிரவுசரில் குறைந்த தரமும் இன்னொன்றில் அதிகத் தரமும் கொடுக்கும். 4கே வேண்டுமென்றால் டிவி, நடுவில் இருக்கும் பெட்டி எல்லாமே ஹெச்டிசிபி 2.2 என்ற ஹெச்டிஎம்ஐ நகல் பூட்டை ஏற்க வேண்டும், வரிசையில் ஒன்று பழையதாக இருந்தாலும் தரம் இறங்கிவிடும். கணக்கில் டேட்டா செலவை மிச்சப்படுத்தத் தரத்தைக் குறைக்கும் அமைப்பை யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய செல்போன் டேட்டா காலத்தில் போட்டு அப்படியே மறந்துபோன வீடுகள் நிறைய.

கேட்டவர்:
அளந்தேன். டிவியில் 11, 6, 14, 4 என்று குதிக்கிறது, அதே நேரம் போனில் 90! சுவரோரமாக லேன் கேபிள் போட்டேன், இப்போது 90-க்குக் கீழே இறங்கவே இல்லை, நேற்று இரவு முழுப் படமும் ஒரே தெளிவு. லேப்டாப்பில் வேறு பிரவுசர் போட்டதும் கூர்மை வந்துவிட்டது. இருட்டுக் காட்சியில் மட்டும் லேசாகக் கட்டங்கள் இருக்கின்றன.

பதில் 1:
அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சுருக்கும்போது முதலில் அடிவாங்குவது இருட்டுதான். ஆனால் டிவியின் பட அமைப்பு டைனமிக் மோடில் இருந்தால் நிழல்களைத் தூக்கிக் காட்டி அதைப் பெரிதாக்கும். சினிமா மோடுக்கு மாற்றி, ஷார்ப்னெஸை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும், இரண்டு நாள் விட்டுவிடுங்கள், கண் பழகிவிடும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், உண்மையிலேயே குறைந்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. கண் மருத்துவரிடம் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பதில் 2:
கேபிள் மாட்டியது சந்தோஷம். ஆனால் கண் பரிசோதனையை ரத்து செய்யாதீர்கள், அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.