வெவ்வேறு காலத்துத் தடுப்பாட்டத்தை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

கேள்வி: பெரம்பூர் ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டங்களைப் பெரியப்பாவும் நானும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே பார்த்து வருகிறோம். ஜூன் மாத இறுதிச்சுற்று நம் ஊரில் விடியற்காலையில் நடக்கும் என்பதால், காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இருவரும் வேலைக்குக் கிளம்புவோம். 2025 இறுதிச்சுற்றில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி இந்தியானா பேசர்ஸை 4-3 என்று வென்றபோது, தண்டரின் தடுப்பாட்டம் எக்காலத்துக்கும் உரிய சிறந்த தடுப்பாட்டங்களில் ஒன்று என்று நான் சொன்னேன். பெரியப்பா அதை ஏற்கவில்லை. 2004இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளிகளைத் தொடவே விடவில்லை என்றும், இன்று ஒவ்வோர் அணியும் சராசரியாக 114 புள்ளிகள் குவிக்கும்போது தடுப்பாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் அவர் வாதிட்டார். விதிகள் மாறிவிட்டன என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. எப்படி மாறின, அதனால் தடுப்பவரின் வேலை என்ன ஆனது என்பதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான்: வெவ்வேறு காலத்துத் தடுப்பாட்டத்தை நியாயமாக ஒப்பிட வழி உண்டா? 1956 முதல் 1969 வரை ஆடிய பில் ரஸ்ஸல் காலத்துக்கும் அதே அளவுகோல் செல்லுமா?

பதில்: மயிலாப்பூர் வாசகர்

தம்பி, உங்கள் பெரியப்பா சொன்ன இரண்டு தகவல்களும் சரியானவை. அவற்றை நேருக்கு நேர் நிறுத்தியதில்தான் பிழை இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் விழும் புள்ளிகள் தடுப்பாட்டத்தை மட்டும் காட்டுவதில்லை. அணிகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன. 1961-62 பருவத்தில் ஓர் அணியின் சராசரி 118 புள்ளிகளுக்கு மேல் இருந்தது. இன்றைய சராசரியை விட அது அதிகம். ஆனால் அந்தப் பருவத்தில் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 43கூட வளையத்துக்குள் விழவில்லை. அவ்வளவு தவறவிட்டும் புள்ளிகள் குவிந்ததற்குக் காரணம், ஒவ்வோர் அணியும் ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் வளையத்தை நோக்கி எறிந்ததுதான். புள்ளிக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், ரஸ்ஸல் ஆடிய காலத்தில் எவருக்குமே தடுக்கத் தெரியாது என்று முடிவு கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறையையும் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, நூறு வாய்ப்புகளுக்கு எதிரணி எத்தனை புள்ளிகள் எடுத்தது என்று பார்க்க வேண்டும். அதையும் அந்தந்தப் பருவத்தின் பொதுச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். 2003-04 பருவத்தில் பொதுச் சராசரி ஏறத்தாழ 103. பிஸ்டன்ஸ் அணி விட்டுக்கொடுத்தது ஏறத்தாழ 95. அதே பருவத்தில் டிம் டங்கனின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அதைவிடவும் குறைவாக, 94 அளவில்தான் விட்டுக்கொடுத்தது. 2024-25இல் பொதுச் சராசரி 114 அளவுக்கு ஏறியிருந்தபோது, தண்டர் அதைவிட ஏறத்தாழ 7 குறைவாக விட்டுக்கொடுத்தது. பிஸ்டன்ஸ் தன் காலத்துச் சராசரியை விட ஏழெட்டு புள்ளிகள் குறைத்தது என்றால், தண்டரும் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்திருக்கிறது. இந்தக் கணக்கில் ஸ்பர்ஸ் முன்னால் நிற்கிறது. மற்ற இரண்டும் அருகருகே நிற்கின்றன.

அடுத்து விதிகளுக்கு வருகிறேன். 2001 வரை என்.பி.ஏ.வில் ஜோன் தடுப்புக்கு, அதாவது ஆளுக்கு ஆள் காக்காமல் தளத்தின் ஒவ்வொரு பகுதியை ஒவ்வொருவர் காப்பதற்கு, அனுமதி இல்லை. பந்து இல்லாத ஆட்டக்காரரைக் காப்பவர், தம் ஆளோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பந்து வைத்திருப்பவரை இருவராகச் சூழ முழுமையாகப் போய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், எங்கே ஆபத்து வருமோ அங்கே காத்து நிற்பது விதிமீறலாக இருந்தது. இதைப் பயன்படுத்தி, தாக்கும் அணி நான்கு பேரை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தன் சிறந்த ஆட்டக்காரரை மறுபக்கம் ஒருவருக்கு ஒருவராக ஆடவிடும். பழைய ஆட்டங்களில் தனி மனிதப் போராட்டமாக நாம் வியந்து பார்த்ததில் ஒரு பகுதி இந்த விதியின் விளைவு. 2001-02 பருவத்தில் ஜோன் அனுமதிக்கப்பட்டது. கூடவே, எவரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டத்தில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற தடையும் வந்தது.

மறுபுறம், கையை எதிராளியின் இடுப்பில் வைத்து அவர் போக்கைத் திருப்பும் உரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. 1994-95இல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2004-05இல் வெளிவட்டத்தில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் அணிச் சராசரி 93 புள்ளிகளிலிருந்து 97க்கு உயர்ந்தது. பெரியப்பா போற்றும் பிஸ்டன்ஸ், கைக்கு இன்னும் சற்று உரிமை இருந்த காலத்தின் கடைசிப் பருவத்தில், ஜோன் அனுமதியின் பலனையும் சேர்த்து அனுபவித்த அணி. அந்த வாய்ப்பை அவர்களைப் போல் முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு என்பதால், அவர்கள் பெருமைக்கு இதனால் குறைவில்லை.

ரஸ்ஸலைப் பொறுத்தவரை, ஒப்பிடும் நம் கைதான் கட்டப்பட்டிருக்கிறது. பிளாக் (எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பது), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) ஆகியவற்றை என்.பி.ஏ. 1973-74 முதல்தான் அதிகாரபூர்வமாகக் குறித்து வருகிறது. ரஸ்ஸல் 1969இலும், அவர் காலத்து மற்றொரு உயர ஆட்டக்காரரான வில்ட் சேம்பர்லின் 1973இலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். எனவே, 3,830 பிளாக்குகளோடு ஹகீம் ஒலாஜுவான் முதலிடத்தில் இருக்கும் பட்டியலில் அவ்விருவருக்கும் இடமே இல்லை. தாக்கும் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட பந்தைத் தானே மீண்டும் பிடிப்பது) தனியாகக் குறிக்கப்படாத அந்த ஆண்டுகளுக்கு நூறு வாய்ப்புக் கணக்கும் மதிப்பீடாகத்தான் இருக்க முடியும்.

பதில்: நந்தனம் பயிற்சியாளர்

மேலே எழுதியவரின் கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் தடுப்பவரின் கால்கள் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது.

நம் சென்னை மைதானங்களில் வளர்ந்தவர்களுக்கு ஜோன் தடுப்புக்குத் தடை என்பதே விசித்திரமாக இருக்கும். இங்கே ஆடப்படுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி. அதில் ஜோனுக்கு அனுமதி உண்டு, தடுப்பவருக்கு மூன்று நொடிக் கட்டுப்பாடும் கிடையாது. ஆகவே பள்ளி அணிகளில் உயரமான பையனை வளையத்துக்கு அடியில் நிறுத்தி, 2-3 ஜோன் (முன்னால் இருவர், வளையத்தருகே மூவர்) போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். எதிரணியில் தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர் இல்லாத வரை அது முடியவும் செய்யும். மூலையில் ஒருவரும் பக்கவாட்டில் ஒருவரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று சரளமாகப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதே ஜோன் பத்து நிமிடத்தில் கிழிந்துவிடும். உயரமான பையன் உள்ளேயே நின்றால் வெளியே மூன்று புள்ளி விழும்; வெளியே ஓடினால் உள்ளே லே-அப் (வளையத்தருகே ஓடிவந்து போடும் எளிய பந்து) விழும். சித்திரை வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் தளத்தில் அந்த ஓட்டத்தை ஒரு பையன் நாற்பது முறை ஓடுவதை நின்று பார்த்தவர்களுக்குத் தடுப்பாட்டம் என்றால் என்னவென்று புரியும்.

என்.பி.ஏ.வில் நடந்திருப்பதும் இதேதான், மிகப் பெரிய அளவில். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தபோது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2003-04இல் அது 15 ஆனது, 2023-24இல் 35. கோட்டின் தூரம் மூலையில் 6.7 மீட்டர், நடுவில் 7.24 மீட்டர். ஐந்து பேரும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கக்கூடிய ஓர் அணியைத் தடுக்க வேண்டுமென்றால், 1985இல் காக்க வேண்டிய பரப்பைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பைக் காக்க வேண்டும். தளத்தின் அளவு மாறவில்லை. ஆபத்தான இடத்தின் அளவு மாறிவிட்டது.

யூட்டா ஜாஸ் அணியின் மார்க் ஈட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 224 சென்டிமீட்டர் உயரம். 1984-85இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 5.56 பிளாக், அந்தச் சாதனை இன்னும் அசையவில்லை. அவர் வேலை வளையத்தருகே இருந்தது, அங்கே அவருக்கு நிகரில்லை. அதே யூட்டா அணியில் பின்னாளில் ரூடி கோபேர் வந்தார். ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை பெற்றவர். 2021 பிளேஆஃப் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், சென்டரே (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) இல்லாத ஐந்து பேரை இறக்கியது. கோபேர் வளையத்தைக் காத்தால், அவர் பொறுப்பில் இருந்த டெரன்ஸ் மேன் மூலையில் தனியாக நின்றார். ஆறாவது ஆட்டத்தில் மேன் எடுத்தது 39 புள்ளிகள். பலர் அதைக் கோபேரின் தோல்வி என்று எழுதினார்கள். அந்த எழுத்து எனக்கு வருத்தம் தந்தது. வெளிவட்டத்தில் இருந்த நால்வரும் தங்கள் ஆளை ஒரே டிரிபிளில் கோட்டைவிட்ட பிறகு, இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நிற்க எவராலும் முடியாது. ஈட்டன் அங்கே நின்றிருந்தாலும் இதே கதிதான். ஒருவேளை இன்னும் மோசமாகவும் இருந்திருக்கலாம்.

பதில்: பழைய சென்டர்

மதிப்புக்குரிய இருவருக்கும் வணக்கம். பெரியவர் பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சராசரியோடு ஒப்பிடுவதிலும் ஒரு குறை உண்டு. ரஸ்ஸல் 1956இல் சேர்ந்தபோது இருந்தவை எட்டு அணிகள், இன்று முப்பது. எட்டு அணிகளுக்குள் சராசரியை விட விலகி நிற்பதும், முப்பது அணிகளுக்குள் விலகி நிற்பதும் ஒன்றல்ல. அத்துடன், எதிரணி வெளியிலிருந்து எறியும் பந்து விழுவதும் விழாததும் தடுப்பவர் கையில் முழுமையாக இல்லை. ஆகவே இன்றைய தடுப்பு எண்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு அன்றைவிடக் கூடுதல் என்று நான் கருதுகிறேன்.

கையால் தடுப்பதை ஏதோ சலுகை போல எழுதியிருப்பதையும் நான் ஏற்க மாட்டேன். கையை எங்கே வைப்பது, எந்த அளவு அழுத்துவது, நடுவர் பார்வை திரும்பும் முன் எப்போது எடுப்பது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் பயின்று வரும் திறமை. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 1983இல் தொடங்கியபோது முதல் இரண்டு ஆண்டும் அதைப் பெற்றவர் சிட்னி மான்க்ரீஃப் என்ற கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவர்). பின்னர் மைக்கேல் கூப்பர், மைக்கேல் ஜோர்டன் ஆகியோரும் பெற்றார்கள். 1996இல் கேரி பேய்டன் பெற்ற பிறகு, 2022இல் மார்கஸ் ஸ்மார்ட் வரும் வரை ஒரு கார்டுகூட அதைப் பெறவில்லை. பந்தை முன்னின்று தடுப்பவரிடமிருந்து ஒரு கருவியைப் பிடுங்கினால் அவர் மதிப்பு எவ்வளவு குறையும் என்பதற்கு இந்த 26 ஆண்டு இடைவெளியும் ஒரு சாட்சி என்று நினைக்கிறேன்.

ஆனால் பெரியவரிடம் இதையும் சொல்லுங்கள். பலரும் முரட்டுத் தடுப்பாட்டத்தின் பொற்காலம் என்று சொல்லும் 1980களின் இறுதியில், சராசரி அணி ஆட்டத்துக்கு 109 புள்ளிகள் எடுத்தது. இடித்துத் தள்ளியது உண்மை. ஆனால் புள்ளிகள் பெருமளவில் வற்றியது அதற்குப் பின், 1990களில்தான். 1998 இறுதிச்சுற்றின் மூன்றாம் ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ் யூட்டாவை 96-54 என்று வென்றது. 54 என்பது, 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்ற கடிகாரம் வந்த பின் இறுதிச்சுற்றில் ஓர் அணி எடுத்த மிகக் குறைந்த புள்ளி.

மறுமொழி: பெரம்பூர் ரசிகன்

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியப்பாவுக்கு மூன்று பதில்களையும் வாசித்துக் காட்டினேன். ஸ்பர்ஸ் பிஸ்டன்ஸை விடக் குறைவாக விட்டுக்கொடுத்தது என்ற செய்தி அவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும், அந்த ஆண்டு கோப்பை யார் கையில் இருந்தது என்று கேட்டுவிட்டு மேலே வாசிக்கச் சொன்னார். கையால் தடுப்பது திறமை என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இந்த ஞாயிறு 2004 இறுதிச்சுற்றின் ஓர் ஆட்டத்தையும் 2025இன் ஓர் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நந்தனம் பயிற்சியாளர்

பந்தைப் பார்க்காதீர்கள் தம்பி. பந்துக்கு எதிர்ப்பக்க மூலையில் நிற்பவரைக் காக்கும் ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து உள்ளே வரும்போது அவர் வளையத்தை நோக்கி எத்தனை எட்டு வைக்கிறார், பந்து வெளியே போனதும் திரும்ப எத்தனை எட்டு ஓடுகிறார் என்று இரண்டு ஆட்டத்திலும் முதல் கால் பகுதிக்கு எண்ணுங்கள். பெரியப்பா 2004ஐ எண்ணட்டும், நீங்கள் 2025ஐ எண்ணுங்கள். எண்ணிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள். என் மாணவர்களுக்குக் காட்ட எனக்கும் தேவைப்படுகிறது.