வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகள்

ஆறாம் வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்:

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் சிலருக்கு, ஜூன் மாதம் முழுவதும் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் வயிறு வலிக்கத் தொடங்கிவிடும். அதை நடிப்பு என்று தள்ளிவிடும் சக ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அச்சம் வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயத் துடிப்பு கூடுகிறது, செரிமானம் மந்தமாகிறது. ஆகவே அந்த வலி உண்மையானதுதான்.

கடந்த ஆண்டு ஒரு மாணவி, தமிழ்ப் பாடவேளையில் தன் முறை நெருங்க நெருங்கச் சடை ரிப்பனின் நுனியை விரலில் சுருட்டிக்கொண்டே இருப்பாள். எழுந்து நின்றால் குரல் வராது. இத்தனைக்கும் பக்கத்தில் இருக்கும் தோழிக்குப் பிழையின்றி வாசித்துக் காட்டுபவள் அவள். வாசிக்கவே வேண்டாம் என்று விட்டுவிடுவது எளிது என்றாலும், விலக விலகப் பயம் வளரும் என்பதால், முதலில் தோழியோடு சேர்ந்தும், பின்பு உட்கார்ந்தபடியே ஒரு வரியும் வாசிக்கச் செய்தேன். "பயப்படாதே" என்று சொல்வதால் எந்தப் பிள்ளைக்கும் பயம் போனதில்லை. அதற்குப் பதிலாக, "இப்போது பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவாய்?" என்று கேட்பேன். "ஏழு, மிஸ்" என்பாள். அந்த ஏழோடேயே ஒரு வரி வாசிப்பாள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே எழுந்து நின்று ஒரு பத்தியை வாசித்துவிட்டாள். புத்தகம் நடுங்கியது, நடுங்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்பு மாணவனின் தந்தை, கோவை:

எங்கள் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையே முகம் வாடிவிடும். குழந்தைநல மருத்துவர் பரிசோதித்து உடலில் குறை ஏதும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, வகுப்பாசிரியையைச் சந்தித்துப் பேசினோம். கழிப்பறைக்குப் போக எல்லார் முன்னிலையிலும் அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அவன் காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டுக் கேட்க வேண்டாம், மேசைமீது ஒரு சிவப்பு அட்டையை வைத்துவிட்டுப் போனால் போதும் என்று அவர் ஏற்பாடு செய்தார். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு நாளாயிற்று. பள்ளி வாசலில் நின்று நெடுநேரம் சமாதானம் சொன்னால் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை; கையசைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவதே பலன் தந்தது. வீட்டில் பேசித் தீராத நிலையில் இருக்கும் பெற்றோர், டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், நள்ளிரவானாலும் எடுப்பார்கள்.