குடும்ப குரூப்: சிங்க் அடி அலமாரி

மீனா: சிங்க் அடி அலமாரியைக் காலி பண்ணித் தரையில பரப்பியாச்சு. டாய்லெட் ஆசிட், ப்ளீச், வெள்ளை வினிகர், சமையல் சோடா, சலவை சோடா, சிட்ரிக் ஆசிட் பொடி, ஆக்ஸிஜன் ப்ளீச் பொடி, பாத்திர லிக்விட், ஸ்பிரிட், கண்ணாடி ஸ்ப்ரே. பேர் எழுதாத ஸ்ப்ரே பாட்டில் ரெண்டு. எதை எங்க வைக்கணும், எதெல்லாம் தேவையே இல்லை? பார்த்துச் சொல்லுங்க.

சுந்தர் மாமா: முதல் வேலையா டாய்லெட் ஆசிடையும் ப்ளீச்சையும் பிரிச்சு வைம்மா. ஒரே கூடையிலகூட வேண்டாம்.

சுந்தர் மாமா: ப்ளீச்னா சோடியம் ஹைப்போகுளோரைட். அதுல எந்த ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். டாய்லெட் ஆசிட் மட்டும் இல்ல, வினிகர், சிட்ரிக் ஆசிட், எலுமிச்சைச் சாறு எல்லாமே ஆசிட்தான். முதல் உலகப் போர்ல, 1915-ல பெல்ஜியத்து ஈப்ர் போர்முனையில ஜெர்மன் படை திறந்து விட்டது இந்த வாயுவைத்தான். கதவு சாத்தின பாத்ரூம்ல கொஞ்சம் வந்தாலே நெஞ்சு எரியும், மூச்சு திணறும்.

மீனா: கண்ணாடி ஸ்ப்ரே பரவாயில்லையா மாமா?

சுந்தர் மாமா: லேபிளைப் படி. அமோனியான்னு போட்டிருந்தா அதுவும் ப்ளீச் கிட்ட போகக் கூடாது, குளோரமைன் வாயு வரும். ஸ்பிரிட்டும் சேரக் கூடாது. ப்ளீச்சுல கலக்கறதுன்னா பச்சைத் தண்ணி மட்டும்தான்.

கவிதா அக்கா: பேர் இல்லாத அந்த ரெண்டு பாட்டிலையும் மோந்து பார்க்காத மீனா. ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே சிங்க்ல கொட்டவும் கொட்டாத. உள்ள ஒண்ணு வினிகரா இருந்து இன்னொண்ணு ப்ளீச்சா இருந்தா, மாமா சொன்ன வாயு குழாய்க்குள்ளேர்ந்து மேல வரும். மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு, ரெண்டையும் தனித்தனியா வெளில வை. அபாயமான வீட்டுக் கழிவு வாங்கற இடத்துல குடுத்துடலாம்.

விஜி சித்தி: வாட்டர் பாட்டில், ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சது ஏதாவது இருந்தா அதையும் இதே கணக்குல எடுத்துடு. குடிக்கற பாட்டில்ல கிளீனர் இருக்கவே கூடாது. குழந்தைக்கு மட்டும் இல்ல, தூக்கக் கலக்கத்துல பெரியவங்களே எடுத்துக் குடிச்சுடுவாங்க.

சுந்தர் மாமா: அப்படி யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. போகும்போது தொண்டையைப் பொசுக்கினது வரும்போதும் பொசுக்கும். பாட்டிலைக் கையில எடுத்துக்கிட்டு உடனே டாக்டர்கிட்ட போகணும். கண்ணுல பட்டா ஓடற தண்ணில குறைஞ்சது 15 நிமிஷம் கழுவிட்டே இருக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

மீனா: சரி மாமா. நேத்து ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, இதைப் பாருங்க: "வினிகர் 1 கப், சமையல் சோடா அரை கப், பாத்திர லிக்விட் 2 ஸ்பூன். பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சா 6 மாசம் எல்லாத்துக்கும் போதும்." இது ஒண்ணே போதும்னா பாதி சாமானைக் குடுத்துடலாம்.

கவிதா அக்கா: அதைச் செய்யாத. கணக்கு போட்டுப் பாரு. 5 சதவீத வினிகர் ஒரு கப், அதாவது 240 மி.லி.ல அசிட்டிக் ஆசிட் சுமார் 12 கிராம். அதை முழுசா முறிக்க 17 கிராம் சமையல் சோடா போதும், அதாவது கோபுரமா ஒரு டேபிள்ஸ்பூன். அரை கப்ங்கறது 100 கிராமுக்கு மேல. வினிகர்ல இருந்த புளிப்பு மொத்தமும் போயிடும், மிச்ச சோடால பெரும்பகுதி கரையாம அடியில மணலா தங்கும். மேல நிக்கறது சோடியம் அசிட்டேட் கரைஞ்ச தண்ணி. அது கறையும் எடுக்காது, உப்புப் படிவும் எடுக்காது. ஏதாவது சுத்தமாச்சுன்னா அது அந்த 2 ஸ்பூன் பாத்திர லிக்விடோட வேலை.

கவிதா அக்கா: அது மட்டும் இல்ல. அந்த 12 கிராம் ஆசிட்லேர்ந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 5 லிட்டர். நுரை அடங்கறதுக்கு முன்னாடி மூடினா பாட்டில் வெடிக்கும்.

மீனா: ஆனா நுரை பொங்கும்போது அழுக்கு வர்ற மாதிரி இருக்கே அக்கா, ட்ரெயின் அடைப்புக்குக்கூட அதைத்தானே சொல்றாங்க?

கவிதா அக்கா: தளர்ந்து கிடக்கற மண்ணை நுரை கொஞ்சம் தூக்கி விடும், அவ்வளவுதான். ட்ரெயின்ல நிக்கறது தலைமுடியும் சோப்புப் படிவும். அதை நுரை அசைக்காது. மேல இருக்கற சல்லடையைக் கழட்டி, பல்லு பல்லா இருக்கற பிளாஸ்டிக் பட்டையை விட்டு மேல இழு. கொத்தா வந்துடும்.

சுந்தர் மாமா: அப்படியும் வரலைன்னு காஸ்டிக் சோடா போடறவங்க கவனிக்கணும். தண்ணில காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தக் கூடாது. சட்டுனு கொதிச்சு முகத்துல தெறிக்கும். அதைப் போட்டப்புறம் உறிஞ்சு பம்ப் வெச்சு அழுத்தறதும் தப்பு, அந்தத் தண்ணிதான் மேல அடிக்கும். அலுமினியத்துல படவே கூடாது.

விஜி சித்தி: மீனா, வினிகர், சோடா ரெண்டும் நல்ல சாமான்தான். தனித்தனியா வேலை வாங்கினா ரொம்ப நல்லா உழைக்கும். சேர்த்தா ரெண்டும் வீண். கையில இருக்கறதையெல்லாம் ரெண்டு பக்கமாப் பிரிச்சுப் பாரு. குழாய்ல, கெட்டில்ல படியற வெள்ளை உப்பு, சிறுநீர்ப் படிவு, துருவுக்கெல்லாம் ஆசிட். எண்ணெய்ப் பிசுக்கு, கரி, உடம்பு அழுக்குக்குக் காரம், அதாவது சோடா வகை. எதிர்ப் பக்கத்து சாமானை எடுத்தா எவ்வளவு தேய்ச்சாலும் போகாது.

மீனா: கெட்டில் படிவுக்கு வினிகரா சிட்ரிக்கா சித்தி?

விஜி சித்தி: சிட்ரிக். வாசனை இல்ல, பொடி ரொம்ப நாள் கெடாது. 1 லிட்டர் தண்ணிக்கு 2 டேபிள்ஸ்பூன். வெதுவெதுப்பா இருந்தா போதும், அரை மணி நேரம் விட்டு ரெண்டு தடவை அலசிடு.

கவிதா அக்கா: கொதிக்க விடாத. ரொம்ப சூடானா கால்சியம் சிட்ரேட்னு இன்னொரு வெள்ளைப் படிவு உண்டாகும், அது லேசுல கரையாது. சிட்ரிக் வேலை செய்யலைன்னு சொல்றவங்க பல பேர் கொதிக்க வெச்சிருப்பாங்க.

மீனா: குழாய், ஷவர் தலை?

கவிதா அக்கா: துணியை வினிகர்ல நனைச்சு சுத்தி 20 நிமிஷம். அப்புறம் அலசி உடனே துடைக்கணும். ராத்திரி முழுக்க விட்டா குரோம் பூச்சு மங்கும். டைல்ஸ் இடுக்கு சிமென்ட் பூச்சுலயும் ஆசிட் தேங்கக் கூடாது, அரிச்சுடும்.

விஜி சித்தி: மார்பிள் பத்தி யாருமே சொல்லலையே. மார்பிள் தரை, மார்பிள் மேடை, சுண்ணாம்புக்கல் எதுலயும் வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் சொட்டுகூட படக் கூடாது. கல்லே கால்சியம் கார்பனேட்தான், உப்புப் படிவை ஆசிட் எப்படிக் கரைக்குதோ அதே மாதிரி கல்லையும் கரைக்கும். சாய்வா வெளிச்சத்துல பாரு, பளபளப்பு நடுவுல சொட்டு வடிவத்துல மங்கலா ஒரு இடம் தெரியும். விரலால தடவினா கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். நிறைய பேர் அதைக் கறைன்னு நினைச்சு மேல இன்னும் வினிகர் ஊத்தித் தேய்ப்பாங்க. அது கறை இல்ல, கல்லோட மேல்தோல் போயிருக்கு. பாலிஷ் போட்டாத்தான் திரும்ப வரும். மார்பிளைத் துடைக்க வெதுவெதுப்பான தண்ணியும் சில சொட்டு பாத்திர லிக்விடும் மட்டும் போதும்.

மீனா: தரைக்கு எவ்வளவு லிக்விட் சித்தி? துடைச்சப்புறம் காலு ஒட்டுது.

விஜி சித்தி: ஒட்டுதுன்னாலே அதிகமா ஊத்தறேன்னு அர்த்தம். மிச்ச சோப்பு தரையில காய்ஞ்சு தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும், மறுநாளே அழுக்காத் தெரியும், இன்னும் கொஞ்சம் ஊத்தத் தோணும். 5 லிட்டர் வாளிக்கு பாத்திர லிக்விட் 1 டீஸ்பூன் போதும். ரெண்டு வாளி வை, ஒண்ணு சோப்புத் தண்ணி, ஒண்ணு மாப் அலச வெறும் தண்ணி. இப்ப இருக்கற ஒட்டல் போக ரெண்டு மூணு தடவை வெறும் சுடுதண்ணில துடைச்சு விடு.

கவிதா அக்கா: நான் வைக்கச் சொல்ற ஸ்ப்ரே ரெண்டே ரெண்டு. ஒண்ணு, மேசை, அலமாரிக் கதவு, சுவிட்ச் போர்டு மூடிக்கெல்லாம்: 1 லிட்டர் தண்ணி, அரை டீஸ்பூன் பாத்திர லிக்விட். சுவிட்ச் மேல நேரா அடிக்காத, துணில அடிச்சுத் துடை. ரெண்டு, கண்ணாடிக்கு: தண்ணி 1 கப், 70 சதவீத ஸ்பிரிட் 1 கப், வினிகர் 1 டேபிள்ஸ்பூன். ஸ்பிரிட் சீக்கிரம் காயறதால கோடு விழாது. தீப்பிடிக்கற சாமான், அடுப்பு பக்கத்துல வைக்காத. போன், லேப்டாப் திரையிலும் அக்ரிலிக்லயும் வேண்டாம், பூச்சு போயிடும், அக்ரிலிக் விரிசல் விடும்.

கவிதா அக்கா: முதல் ஸ்ப்ரேவை நாலஞ்சு நாளுக்கு ஆகற அளவு மட்டும் கலக்கு. கடையில வாங்கற பாட்டில்ல கெடாம இருக்க மருந்து சேர்த்திருப்பாங்க, நம்ம கலவைல அது இல்ல. வழவழன்னு ஆனாலோ நாத்தம் வந்தாலோ கொட்டிடு.

மீனா: சலவை சோடாவும் சமையல் சோடாவும் ஒண்ணுதானே, ரெண்டும் வேணுமா?

சுந்தர் மாமா: ஒண்ணு இல்லம்மா. சமையல் சோடா சோடியம் பைகார்பனேட், காரம் ரொம்ப மெல்லிசு, காரத்தை அளக்கற பிஎச் 8 சொச்சம். சலவை சோடா சோடியம் கார்பனேட், பிஎச் 11 பக்கம் போகும், கையுறை போட்டுத்தான் தொடணும். சமையல் சோடாவை ஓவன்ல 200 டிகிரில ஒரு மணி நேரம் பரப்பி வெச்சா சலவை சோடாவா மாறிடும். தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிடும்.

விஜி சித்தி: சமையல் சோடா தேய்க்கறதுக்கு. 3 பங்கு சோடா, 1 பங்கு தண்ணி, குழைச்சு அடிப்பிடிச்ச பாத்திரம், வாஷ்பேசின்ல தேய்க்கலாம். சலவை சோடா ஊற வைக்கறதுக்கு. சிம்னி ஃபில்டர் பிசுக்குன்னா ஒரு வாளி சுடுதண்ணில அரை கப், 20 நிமிஷம். ஆனா ஃபில்டர் ஸ்டீலா அலுமினியமான்னு பார்த்துட்டுப் போடு. அலுமினியம்னா கருத்துப் போயிடும், அதுக்குப் பாத்திர லிக்விடும் சுடுதண்ணியும்தான்.

மீனா: ஆக்ஸிஜன் ப்ளீச் பொடியை ப்ளீச் பக்கத்துல வைக்கலாமா மாமா?

சுந்தர் மாமா: வேண்டாம். பேருதான் ப்ளீச், சாமான் வேற, சோடியம் பெர்கார்பனேட். துணில தேநீர், காபி, மஞ்சள் பூத்த காலர் கறைக்கு நல்லா கேட்கும். 40 டிகிரிக்கு மேல சூடான தண்ணில, 1 லிட்டருக்கு 1 டேபிள்ஸ்பூன். பச்சைத் தண்ணில ரொம்ப மெதுவாத்தான் வேலை செய்யும். கம்பளி, பட்டுக்கு ஆகாது. கரைச்ச தண்ணியை மூடின பாட்டில்ல வைக்காத, ஆக்ஸிஜன் சேர்ந்து வெடிக்கும். ஈர ஸ்பூனைப் பொடிக்குள்ள விடவும் கூடாது.

கவிதா அக்கா: ரத்தக்கறைன்னா மட்டும் முதல்ல பச்சைத் தண்ணி. சூடு பட்டா புரதம் துணில இறுகிடும்.

மீனா: கிருமி சாகறதுக்கு வினிகர் போதாதா?

சுந்தர் மாமா: போதாது. வீட்டுல யாருக்காவது வாந்தி, வயித்துப்போக்குன்னா ப்ளீச்தான் சரி. பாட்டில்ல 5 சதவீதம்னு இருந்தா 1 லிட்டர் பச்சைத் தண்ணிக்கு 20 மி.லி., அது 0.1 சதவீதம். 4 சதவீதம்னா 25 மி.லி. அதுக்கு முன்னாடி அந்த இடத்தை சோப்புத் தண்ணில துடைச்சு அலசியாகணும், அழுக்கு இருந்தா ப்ளீச் அதுலயே தீர்ந்துடும். தடவினப்புறம் 10 நிமிஷம் ஈரமாவே இருக்கட்டும். தடவின கையோட துடைச்சு எடுக்கறதாலதான் பாதிப் பேருக்குப் பலன் கிடைக்கறதில்ல. கலந்ததை அன்னைக்கே தீர்த்துடு. மூடின பாட்டில்லயும் மாசாமாசம் வீரியம் குறையும், பழைய பாட்டிலை நம்பாத.

விஜி சித்தி: பழத்தோல் என்சைம், அதான் தோலைப் புளிக்க வெச்சுச் செய்யற கிளீனர், போடறேன்னு சொல்லிட்டு இருந்தியே மீனா, சர்க்கரை 1 பங்கு, தோல் 3, தண்ணி 10. பிளாஸ்டிக் டப்பால கால்வாசி காலியா விட்டு, முதல் ஒரு மாசம் தினம் மூடியைத் தளர்த்தணும். மொத்தம் 3 மாசம்.

கவிதா அக்கா: போடட்டும் சித்தி, ஆனா அதுவும் ஆசிட் பக்கம்தான் போகணும். புளிச்சுப் போய் வர்ற அசிட்டிக் ஆசிட்தான் அதுல முக்கியமா வேலை செய்யுது. மார்பிளுக்கும் ஆகாது, ப்ளீச் பக்கத்துலயும் ஆகாது. கிருமிநாசினின்னு நம்பிட வேண்டாம்.

விஜி சித்தி: அது சரிதான். சாதாரணமா துடைக்க நல்லா இருக்கும், அதுக்குத்தான் சொன்னேன்.

மீனா: இப்ப அடுக்கலாமா? சிங்க் அடில கீழ் தட்டு, மேல் தட்டு, பாத்ரூம்ல ஒரு பூட்டு போட்ட அலமாரி இருக்கு.

கவிதா அக்கா: டாய்லெட் ஆசிட் பாத்ரூம் அலமாரில, கீழ, தனி பிளாஸ்டிக் ட்ரேல. கண்ணு மட்டத்துக்கு மேல வேண்டாம், எடுக்கும்போது முகத்துல கொட்டும். அதோட மூடி சரியா மூடலைன்னா ஆவி கசிஞ்சு பக்கத்துல இருக்கற கீல், ஸ்க்ரூ எல்லாம் பழுப்பாத் துரு ஏறும். அலமாரிக் கீல் துருப்பிடிச்சிருந்தா முதல்ல ஆசிட் மூடியைப் பாரு. ப்ளீச் வேற அறைல, வெயிலும் சூடும் படாத, குழந்தை கை எட்டாத பூட்டின இடத்துல. பொடி எல்லாம் சிங்க் அடிலேர்ந்து வெளில, அங்க ஈரம் இருக்கும், கட்டி தட்டிடும். சிங்க் அடில பாத்திர லிக்விட், நான் கலக்கச் சொன்ன ரெண்டு ஸ்ப்ரே, துணி மட்டும்.

கவிதா அக்கா: ஒவ்வொரு பாட்டில்லயும் பேரு, அளவு, கலந்த தேதி, எதோட சேரக் கூடாதுன்னு எழுது. மார்க்கர் எழுத்து ஸ்பிரிட் பட்டா அழிஞ்சுடும், மேல செல்லோடேப் ஒட்டு.

விஜி சித்தி: துணியையும் நிறம் பிரிச்சு வெச்சுக்கோ. சிவப்பு டாய்லெட், பச்சை சமையலறை, நீலம் மத்ததுக்கு. மைக்ரோஃபைபர்னா துணி கண்டிஷனர் போடாத, இழை மேல படிஞ்சு உறிஞ்சறதே போயிடும். துவாலையோட சேர்த்துத் துவைச்சா அதோட பஞ்சு ஒட்டும். ப்ளீச், சூடான இஸ்திரி ரெண்டும் ஆகாது.

மீனா: கடைசியா ஒண்ணு மாமா. ப்ளீச் தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிச்சா வசதியா இருக்குமே?

சுந்தர் மாமா: வேண்டாம்மா. பனி மாதிரி பறந்து மூச்சுல ஏறும். உள்ள இருக்கற உலோக ஸ்ப்ரிங்கும் அரிச்சுப் போயிடும். ஜன்னலைத் திறந்து வெச்சு, கையுறை போட்டு, துணியை நனைச்சுத் தடவு.