களிமண்ணுக்கு அடியில் கடத்தி: தாதுவா, வெறும் களிமண்ணா?

கேள்வி (அடிப்பாறை):
கனடாவின் அபிடிபி பகுதி. மேலே 30–40 மீட்டர் பனியேரிக் களிமண், அதன் கீழ் டில் (பனியாறு விட்டுச்சென்ற கலப்பு மண்), பிறகு எரிமலைப் பாறை. வான்வழி டைம்-டொமைன் மின்காந்த அளவையில் (மின்காந்தத் துடிப்பு அனுப்பி, நிலத்தின் பதில் எப்படித் தேய்கிறதென்று அளப்பது) ஒரு கடத்தி, அதாவது மின்சாரம் எளிதாகப் பாயும் பொருள், தெரிகிறது. அதே இடத்தில் ஈர்ப்பு 0.6 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் அலகு) ஏறியிருக்கிறது. காந்த வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. தாது தேடி நேரே துளை போடலாமா?

பதில் (தேய்வளைவு):
அவசரம் வேண்டாம், ஆனால் கைவிடவும் வேண்டாம். களிமண் தடித்தால் மின்காந்தப் பதில் கூடும், ஈர்ப்பு குறையும். அடிப்பாறை மேடானால் நேர்மாறாக நடக்கும். உங்களுக்கு இரண்டுமே ஏறியிருக்கின்றன. களிமண்ணை மட்டும் வைத்து இதை விளக்குவது கடினம்.

முதலில் தேய்வு வளைகோட்டின் கடைசிச் சேனல்களை (கடைசி நேர இடைவெளிகளின் அளவுகளை) பாருங்கள். செமி-லாக்கில் (ஒரு அச்சு மட்டும் மடக்கை அளவில்) நேர்கோடாக இறங்கினால் அது எல்லையுள்ள கடத்தி; லாக்-லாக்கில் (இரு அச்சும் மடக்கை அளவில்) நேர்கோடானால் பரந்து கிடக்கும் களிமண். முந்தைய சேனல்களை நம்ப வேண்டாம்; அவை பெரும்பாலும் களிமண்ணையே காட்டும். 20 ஓம்-மீட்டர் களிமண்ணில் 10,000 ஹெர்ட்ஸ் அலையின் ஊடுருவல் ஆழம் 22 மீட்டர்தான், 1000 ஹெர்ட்ஸில் சுமார் 70. சந்தேகம் தீராவிட்டால் தரையில் பெரிய கம்பி லூப் விரித்து, குறைந்த அடிப்படை அதிர்வெண்ணில் மறுபடி அளக்க வேண்டும்.

காந்தம் இல்லாதது குறையே இல்லை. பைரைட், சால்கோபைரைட், ஸ்பாலரைட் ஆகிய சல்ஃபைடு கனிமங்கள் மூன்றும் காந்த வரைபடத்தில் எழாது. காந்தத் தன்மையுள்ள பைரோட்டைட் அல்லது மேக்னடைட் கலந்திருந்தால்தான் எழும்.

பதில் (ஈர்ப்புமானி):
0.6 மில்லிகாலை அப்படியே தாதுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மண்ணுக்கும் பாறைக்கும் அடர்த்தி வேறுபாடு 0.7 கிராம்/க.செ.மீ. என்றால், ஈர்ப்பு மாற்றம் = 0.0419 × அடர்த்தி வேறுபாடு × உயரம் (மீட்டரில்), அதாவது 0.0419 × 0.7 × 20 = 0.59 மில்லிகால். அகலமான பாறை மேடு 20 மீட்டர் உயர்ந்திருந்தாலே உங்கள் ஏற்றம் முழுதும் வந்துவிடும். மண் தடிமன் தெரியாமல் ஈர்ப்பைப் படிக்கவே முடியாது.

அதற்கு மலிவான வழி, ஒற்றை நிலநடுக்கமானியை வைத்து இயற்கை அதிர்வின் கிடை–நெடு (கிடைமட்ட–செங்குத்து) விகிதத்தை எடுப்பது. தடிமன் = மண்ணில் குறுக்கலை வேகம் ÷ (4 × அந்த விகிதம் உச்சமாகும் அதிர்வெண்). வேகம் 240 மீ/வி, உச்சம் 2 ஹெர்ட்ஸ் என்றால் 30 மீட்டர். வேகத்தை ஊகிக்காமல், தடிமன் தெரிந்த பழைய துளை ஒன்றின் அருகே அளந்து சரிபாருங்கள். களிமண்ணும் டில்லும் வேகத்தில் வெகுவாக மாறுபடும். ஈர்ப்பு நிலையங்களின் உயரத்தையும் பாருங்கள்: 5 செ.மீ. பிழை 0.01 மில்லிகால்.

அடிப்பாறை:
நன்றி. கடத்தி தாதுவாக இல்லாமல், மின்சாரம் கடத்தும் கிராஃபைட் (கரிமக் கனிமம்) என்றால் ஈர்ப்பு ஏறக் கூடாதே, அதை வைத்தே ஒதுக்கிவிடலாமா?

பதில் (தேய்வளைவு):
முடியாது. கிராஃபைட் அடுக்கை ஒட்டி கனமான கேப்ரோ பாறை கிடந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். கடத்தி கிலோமீட்டர் கணக்கில் நீண்டால் கிராஃபைட் சந்தேகம் வலுக்கும். துளை போடும்போது டில்லின் அடிப்பகுதியில் மாதிரி எடுங்கள். களிமண் மாதிரி உதவாது, அது ஏரியில் படிந்தது. குறி தப்பினாலும் துளையில் பிளாஸ்டிக் குழாய் இறக்கி வையுங்கள். துளைவழி மின்காந்த அளவை, தவறவிட்ட கடத்தி எந்தப் பக்கம் இருக்கிறதென்று காட்டும்.