கல்லாவில் பொய் நம்பர் கொடுத்தால் 10,000 அபராதமா?

கல்லாப்பெட்டி:
"பில் போடும்போது மொபைல் நம்பர் சொல்றவன்தான் முட்டாள், கடைமேல் தப்பில்லை"ன்னு நேத்து ஒருத்தர் இங்கே தீர்ப்பு எழுதியிருக்கார். பொய் நம்பர் கொடுத்தா 10,000 அபராதம்னு மிரட்டல் வேற. எந்தச் சட்டம் சார்?

வக்கீல்குமாஸ்தா:
எழுதினது நான்தான். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 15. ஆள்மாறாட்டம் கூடாது. மீறினா 10,000 வரை.

கல்லாப்பெட்டி:
'இன்னொரு நபராக' நடிக்கக் கூடாதுன்னுதான் அதுல இருக்கு. 9999999999-னு பத்து ஒன்பது அடிக்கிறவன் யாரா நடிக்கிறான்? அதே சட்டத்துல கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம் இருக்கே, அது கண்ணுல படலையா? நம்பர் கொடுத்தாத்தான் பில்லுன்னு அடம்பிடிக்காதேன்னு 2023 மே மாசமே நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியாச்சு. ஜிஎஸ்டி பில்லுக்கும் வேண்டாம். ஜிஎஸ்டி எண் இல்லாதவர் 50,000 ரூபாய்க்கும் அதுக்கு மேலயும் வாங்கினா பெயர், முகவரி போடணும். மொபைல் எங்கேயும் இல்லை.

மாத்திரைக்கடை:
டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுக்கணும்னு இருக்கிற சில மருந்துகளுக்கு மருந்துக் கடை எழுதி வைக்கிற எச்1 பதிவேட்டுலயும் மொபைல் இல்லை. டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு, அவ்வளவுதான். 3 வருஷம் வைக்கணும். வம்பே பில்லிங் சாஃப்ட்வேர்லதான். சில கடைல நம்பர் கட்டத்தை நிரப்பாம என்டர் நகராது. கவுன்டர்ல நிக்கிற பொண்ணைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

வக்கீல்குமாஸ்தா:
250 கோடி தரவுப் பாதுகாப்புல கோட்டை விட்டதுக்கு. சம்மதம் இல்லாம பயன்படுத்தினா 50 கோடி வரைதான். அரைகுறை. இஷ்டத்துக்குப் பத்து இலக்கம் அடிச்சா அது எவனோ ஒருத்தன் நம்பரா இருக்கும். உங்க சர்க்கரை மாத்திரை பில் அவனுக்குப் போகும், பாயின்டும் அவனுக்கே. இது ஆள்மாறாட்டம் இல்லாம என்ன? பிரிவு 15.

கல்லாப்பெட்டி:
மறுபடியும் 15! 50 கோடி மட்டும் சில்லறையா? பிரிவு 7-க்கு சட்டமே சொல்ற உதாரணம் மருந்துக் கடைதான். தானா நம்பர் கொடுத்து ரசீதை எஸ்எம்எஸ்ல கேட்டா, ரசீது அனுப்பலாம். ஆடித் தள்ளுபடி அனுப்பச் சொல்லலை. அப்புறம், விதிகள் வந்ததே 2025 நவம்பர்ல. உங்க 15-க்கு 18 மாசம் அவகாசம். 2027 மே வரை அந்த 10,000 வெறும் பூச்சாண்டி.

வக்கீல்குமாஸ்தா:
அப்போ உங்க 50 கோடியும் அதே 2027 பூச்சாண்டிதானே?

கோவைகுசும்பு:
அண்ணே, ரெண்டு பேரும் யுபிஐலதானே கட்டறீங்க? ஐடியே மொபைல் நம்பரா இருந்தா கடைக்கணக்குல அது விழ வாய்ப்பிருக்குங்க. செயலியில எழுத்து மட்டும் உள்ள ஐடி ஒண்ணு போட்டு, அதை முதன்மையா வைங்க.

கல்லாப்பெட்டி:
திசை திருப்பாதீங்க தம்பி. இங்கேயே வேற ஒரு விவாதத்துல, வாடகை ரசீது இழையில வாங்கிக் கட்டிக்கிட்ட கடுப்பை இவர் இங்கே தீர்த்துக்கறார்.

வக்கீல்குமாஸ்தா:
அந்த இழையில பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாரும் பார்த்தாங்க.

மாத்திரைக்கடை:
விளம்பரத் தொல்லையைத் தடுக்கிற 1909 எண்ணுக்கு 'START 0'ன்னு எஸ்எம்எஸ் அனுப்பினா விளம்பரம் நிக்கும். ஆனா கடையோட உறுப்பினர் படிவத்துல டிக் பண்ணியிருந்தா, அந்தச் சம்மதத்தைக் காட்டி அந்தக் கடை அனுப்பும்.

வக்கீல்குமாஸ்தா:
டிக் பண்ணினது யாரு? கடையா?

கல்லாப்பெட்டி:
டிக்கை முன்னாடியே போட்டு வெச்சது யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல. பத்து ஒன்பது எந்த ஆளோட நம்பர், அதுக்கும் இன்னும் பதில் வரலை.