நாம் சொன்ன வசனம் நம்மிடமே திரும்பி வந்த கதைகள்

நெல்லைச் சீமைக்காரன்:

கிராமச் சபை ஒன்றில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்கிறவன் நான். சம்பள ஊழியன் இல்லை. ஐயருக்கு, அதாவது எங்கள் போதகருக்கு, ஏழு ஊர், அவர் வராத ஞாயிறுகளில் எங்களைப் போல நாலு பேரைப் பீடத்தில் ஏற்றிவிடுவார்கள். வசனத்தைப் பிரசங்கித்து மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். முதலில் என் கதை.

புது வருஷ இராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்தக் கார்டு, அதாவது கடவுளின் வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சடித்த கார்டு, கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்கா எடுத்ததில் எரேமியா 29:11 வந்தது. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று தொடங்குமே, அதுதான். அவர் வீட்டுக்காரருக்கு அப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கண்ணாடி எடுத்து வராததால் கார்டை என்னிடம் நீட்டி, “என்ன தம்பி போட்டிருக்கு?” என்றார். வாசித்துக் காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். “நீங்க எதிர்பார்க்கிற முடிவு கிடைக்கும்னு கர்த்தரே சொல்லிட்டார், தைரியமா இருங்கக்கா” என்றும் சேர்த்தேன்.

பங்குனியில் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஜெபிக்கப் போனபோது அந்தக் கார்டு காலண்டர் ஆணியில் குத்தியபடியே இருந்தது. அக்கா கோபப்படவில்லை. “இந்த முடிவைத்தான் நான் எதிர்பார்த்தேனா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ஜெபத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். 11-ஐ எத்தனையோ தடவை பேசியவன், 10-ஐ ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் திரும்பி வரப்பண்ணுவேன் என்று அதில் இருக்கிறது. கி.மு. 597-இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரன் எவனும் ஊர் திரும்பப் போவதில்லை. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார் தீர்க்கதரிசி எரேமியா.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்திலேயே நின்று சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் உடைக்கிறான். எரேமியா முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றுதான் சொல்கிறார், கவனித்தீர்களா? அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அப்படி நடக்காது என்று தெரியும். நான் அக்காவுக்கு வாசித்தது எரேமியாவின் வசனம், சேர்த்துச் சொன்னது அனனியாவின் பிரசங்கம்.

ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர் பிறகு சொன்னார்: எபிரெயத்தில் அந்த இடத்தில் ‘பின்வரும் காலம்’, ‘நம்பிக்கை’ என்று இரண்டு சொற்கள்தான். நம் பழைய மொழிபெயர்ப்பின் ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ நம் காதில் ‘நான் ஆசைப்பட்டது’ என்றே விழுகிறது.

கருப்பட்டிக் கடை:

அண்ணே, எங்கள் கதையில் மாட்டியது எங்கள் அப்பா. நாகர்கோவில் பக்கம் கருப்பட்டி வியாபாரம். பனையேறிகளிடம் வாங்கும்போது ஒரு அஞ்சு கிலோ கல், கடையில் விற்கும்போது வேறு அஞ்சு கிலோ கல். எடைக்கல்லின் அடியில் ஈயம் அடைத்த குழி ஒன்று இருக்கும். வாங்குகிற கல்லில் ஈயம் கூடுதலாக ஊற்றியிருக்கும், விற்கிற கல்லில் சுரண்டி எடுத்திருக்கும். சின்னப் பையனாக இரண்டையும் தூக்கிப் பார்த்து விளையாடியிருக்கிறேன்.

உபாகமம் 25:13-ல் “உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்” என்று இருக்கிறது. எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஒரு ஞாயிறு அந்த வசனத்தின்மேல்தான் பிரசங்கம். ‘இருதயமே தராசு, விசுவாசமே நிறைகல்’ என்று முக்கால் மணி நேரம் போனது. அப்பா முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். கல் என்றால் கல்தான் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அவருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. வசனத்தை ஆவிக்குரியதாக்குகிறோம் என்று சொல்லி ஆளைத் தப்பிக்க விடுகிற பிரசங்கம் எனக்கு இன்றும் பிடிப்பதில்லை.

இப்போது எலக்ட்ரானிக் தராசு. அதிலும் ‘கழிவு’ என்று மூட்டைக்கு ஒரு கிலோ பிடிப்பது வழக்கம். நான் கடையை எடுத்த வருஷம் அதை நிறுத்தினேன். முதல் வாரம் ஒரு பனையேறிப் பெரியவர் ரசீதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “என்ன தம்பி, விலையைக் குறைக்கப் போறீயளா?” என்று கேட்டார்.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:

எங்கள் கல்யாணத்தில், மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22 வாசித்தார்கள். அதற்குப் பிறகு டிவி ரிமோட் சண்டைக்குக்கூட எங்கள் வீட்டில் அந்த வசனம் வந்துவிடும். எனக்குத் தலைமையாசிரியை பிரமோஷன் வந்தபோதும் வந்தது. ஊர் மாற வேண்டும், என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் பார்த்து வாலிபர் கூட்டத்தில் அதே அதிகாரத்தைப் பேச அவரைக் கேட்டார்கள். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். விளக்கவுரை எல்லாம் பரப்பி உட்கார்ந்தார். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 22-ல் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற சொல்லே இல்லையாம். “ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்” என்ற 21-லிருந்துதான் அது தொடர்கிறதாம். மனைவிக்கு மூன்றே வசனம், புருஷனுக்கு 25 தொடங்கி அதிகாரம் முடியும்வரை. அதையும் அவரே எண்ணிச் சொன்னார். ராத்திரி ஒன்றும் பேசாமல் படுத்தார். காலையில் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “அந்த பிரமோஷன் லெட்டர் எங்கே வச்சிருக்கே?” என்றார்.

வாக்குத்தத்தப் பெட்டி:

முதல் பதிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை அண்ணா. எங்கள் ஆச்சிக்குச் சுருட்டி வைத்த வசனங்கள் உள்ள ஒரு சின்னப் பெட்டி உண்டு. தினமும் ஒன்று எடுப்பார். பின்னணி, கி.மு. எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவரை எழுப்பி அடுப்பு மூட்ட வைத்தது அந்தப் பெட்டிதான்.

நெல்லைச் சீமைக்காரன்:

தம்பி, ஆச்சி சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன். ஆச்சி தனக்குத்தான் எடுத்தார். நான் இன்னொருவர் கார்டை வாங்கிப் பலன் சொன்னேன், ஜோசியக்காரன் மாதிரி.

இந்த வருஷம் கார்டு அச்சடிக்கிற பொறுப்பு என் தலையில். 29:10-ஐயும் சேர்க்கச் சொன்னேன். எழுத்து ரொம்பப் பொடியாகிவிடும் என்கிறார் அச்சகத்துக்காரர். பரவாயில்லை, கண்ணாடி இல்லாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை வாசிப்பதோடு சரி.