பெட்ரோல் இறக்கும்போது எர்த்திங் முதலிலா, ஹோஸ் முதலிலா?

பங்க்_புதுசு:
வணக்கம். பங்க் மேற்பார்வைக்குப் புதிது. 12 கேஎல் (கிலோலிட்டர், அதாவது 12,000 லிட்டர்) லாரி, 4 கேஎல் வீதம் மூணு அறை. வண்டி நின்றதுமே டிரைவர் மேலே ஏறி மேன்ஹோலைத் திறக்கிறார். எர்த்திங் கிளிப் (நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பியின் கிளிப்) மாட்டுவது ஹோஸுக்கு அப்புறம்தான். சரியா?

டெப்போ_மணி:
தப்பு சார், உடனே நிறுத்துங்க. என்ஜின் அணைந்ததும் சாவி உங்க கைக்கு வரணும். சக்கரத்துக்குக் கட்டை, அடுத்தது எர்த்திங். மூடி திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கிளிப்பை லாரி டேங்கில் அதற்கென்று உள்ள போல்ட்டில் மாட்டுங்க. பெயிண்ட் மேலோ துரு மேலோ கடித்தால் மாட்டாததற்குச் சமம்.

பிறகு பத்து நிமிடமாவது விடுங்க. ஓட்டத்தில் குலுங்கிச் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கணும், தண்ணீர் இருந்தால் அடியில் தங்கணும். அதற்குள் டிப் ராடை (மட்டம் அளக்கும் கம்பி) விட்டால் பொறி தட்டலாம். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். சாம்பிள் பிடிக்க அலுமினிய வாளிதான், பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்: அதில் சேரும் மின்சாரத்துக்கு இறங்க வழியில்லை. டென்சிட்டியை (அடர்த்தி) 15 டிகிரிக்கு மாற்றி, இன்வாய்ஸோடு கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இறக்காதீங்க.

சேல்ஸ்_கணக்கு:
எர்த்திங்கைவிட அடிக்கடி கோட்டை விடுவது இடக் கணக்கில். பங்கின் 20 கேஎல் நிலத்தடி டேங்கில் 97 சதவீதம்தான் நிரப்பலாம், அதாவது 19,400 லிட்டர். இருப்பு 9,000 என்றால் மிச்சம் 10,400. 12 கேஎல் போகாது, இரண்டு அறைதான். இறக்கும்போது அந்த டேங்கில் விற்பனையை நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூணு நாலு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். பக்கத்தில் பைக்கை உதைக்க விடாதீங்க. 10 கிலோ பவுடர் தீயணைப்பு சிலிண்டர் காற்று வரும் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்.

பங்க்_புதுசு:
ரொம்ப நன்றி. நிரம்பி வழிகிற மாதிரி தெரிந்தால் ஹோஸைக் கழற்றிடலாமா?

டெப்போ_மணி:
கழற்றவே கூடாது! லாரி வால்வை மூடுங்க. 3 அங்குல ஹோஸ், 4 மீட்டர் நீளம் என்றால் உள்ளே மட்டும் சுமார் 18 லிட்டர் நிற்கும், கழற்றினால் அத்தனையும் தரையில். டேங்கில் இடம் இருந்தால் மட்டும் லாரி முனையைக் கழற்றி உயர்த்தி வடியுங்க. இல்லையென்றால் மாட்டியபடியே விட்டு, பம்ப் வழியாக மட்டம் இறங்கும்வரை பொறுங்க. எர்த்திங் கிளிப் கடைசியில்தான் வெளியே வரணும்.